சவுண்ட் பாக்ஸைக் கழற்றி எறியாதீர்கள்



போன வாரம் எங்கள் வீட்டுப் பழைய கிராமபோனின் படத்தை இங்கே போட்டிருந்தேன். அதிலிருந்து கேள்விகள் வந்தபடி இருக்கின்றன. “பாடுமா சார்?” என்று பாதிப் பேர். “என்ன விலைக்குப் போகும் சார்?” என்று மீதிப் பேர். இதற்கிடையில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில், பெங்களூரில் இருக்கும் என் தம்பி மகன் ஒரு யோசனை சொன்னான். “பெரியப்பா, அந்த சவுண்ட் பாக்ஸ்தான் கரகரங்குதே, அதைக் கழட்டிட்டு உள்ளே ஒரு புளூடூத் ஸ்பீக்கர் வெச்சிடலாம். வெளியே பார்க்கப் பழசாவே இருக்கும், எல்லாப் பாட்டும் கேட்கலாம்.” பதினோரு பேர் அதற்குக் கட்டைவிரல் தூக்கியிருந்தார்கள். அதில் என் சொந்தத் தங்கையும் ஒருத்தி!

பதினோரு பேருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட எல்லோருக்கும் பொதுவாக இங்கேயே எழுதிவிடுகிறேன். பதிவு நீளம்தான். நாற்பத்தைந்து நிமிஷ பீரியடை மணி அடித்த பிறகும் இழுத்த வாத்தியார் என்பது உங்களுக்குத் தெரியாததா? முடியாதவர்கள் பாதியில் எழுந்து போகலாம், அட்டெண்டன்ஸ் எடுக்க மாட்டேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சவுண்ட் பாக்ஸை எடுத்துவிட்டால் கிராமபோன் வெறும் மரப்பெட்டி. ஒரு பழைய பொருளைக் காப்பாற்றுவது என்றால் அதைத் துடைத்து ஷோகேஸில் வைப்பது இல்லை. அது எதற்காகச் செய்யப்பட்டதோ அந்த வேலையை அதுவே செய்யும்படி வைப்பது. அதைவிட முக்கியம், நமக்குப் பிறகு வருகிறவரும் திறந்து சரிசெய்ய வழி விட்டு வைப்பது.

சவுண்ட் பாக்ஸ் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன வகுப்பு.

கிராமபோனில் தட்டின்மேல் ஊசியைத் தாங்கிக்கொண்டு நிற்கிற, பழைய பாக்கெட் கடிகாரம் அளவுக்கு வட்டமான உலோகப் பெட்டிதான் சவுண்ட் பாக்ஸ். எடிசன் 1877-ல் கண்டுபிடித்த உருளை இயந்திரத்தில் இந்த உறுப்புக்கு ரீப்ரொட்யூசர் என்று பெயர். பெர்லினரின் வட்டத்தட்டு வந்த பிறகு சவுண்ட் பாக்ஸ் என்ற பெயர் நிலைத்துவிட்டது. இதில் மின்சாரம் கிடையாது, வால்வு கிடையாது, பேட்டரி கிடையாது. தட்டைச் சுற்றுவது சாவி கொடுத்த வில்லுச்சுருள். ஒலியை உண்டாக்குவது இந்தப் பெட்டி. அதை நம் காதுவரை பெருக்கிக் கொண்டுவருவது புனல். அவ்வளவுதான் மொத்த இயந்திரமும்.

எட்டாம் வகுப்பு நெம்புகோலை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். தட்டில் இருக்கும் பள்ளம் பக்கவாட்டில் நெளிந்து நெளிந்து போகிறது. அந்த நெளிவுதான் பாட்டு. ஊசி அதற்குள் ஓடும்போது இடமும் வலமும் ஆடுகிறது. ஊசியைப் பிடித்திருப்பது ஒரு சின்ன நெம்புகோல். அதன் கீழ்முனையில் ஊசி, நடுவில் அச்சு, மேல்முனை ஒரு மெல்லிய வட்டத் தகட்டின் மையத்தில் சின்னத் திருகால் இணைக்கப்பட்டிருக்கும். ஊசி ஆடினால் தகடு முன்னும் பின்னும் அதிரும். தகட்டுக்குப் பின்னால் உள்ள காற்று அதிரும். அந்தக் காற்று குழாய் வழியாகப் புனலுக்குப் போகிறது. பள்ளத்தில் முடியளவு இருக்கும் அசைவை ஒரு கூடம் முழுக்கக் கேட்கும்படி ஆக்குவதற்கு இவ்வளவுதான் ஏற்பாடு.

எங்கள் பெட்டி எச்.எம்.வி. 101. கறுப்பு ரெக்ஸின் ஒட்டிய, கையில் தூக்கிப் போகிற வகை. அதன் சவுண்ட் பாக்ஸில் இருக்கும் தகடு மைக்கா, அதாவது நம் பாட்டிமார் காக்காப்பொன் என்று சொன்னது. பின்னால் வந்த மாடல்களில் அலுமினியத் தகடு வந்தது. அந்தக் காலத்தில் உலகச் சந்தைக்குப் பெருமளவு காக்காப்பொன் போனது நம் நாட்டிலிருந்துதான். கோடர்மா பக்கத்திலிருந்தும், பழைய சென்னை மாகாணத்து நெல்லூர் ஜில்லா கூடூர்ப் பக்கத்திலிருந்தும் வெட்டி எடுத்தார்கள். இசைத்தட்டு செய்த அரக்கும் இந்தியக் காட்டுப் பூச்சி தந்ததுதான். பெட்டியில் நாய் படம் போட்டு இங்கிலாந்தின் பெயர் எழுதியிருந்தாலும், உள்ளே பேசியதில் நம் மண்ணுக்கும் பங்கு உண்டு என்று வகுப்பில் சொல்வேன். உங்களில் சிலருக்கு ஞாபகம் இருக்கலாம்.

சரி, அது ஏன் கரகரக்கிறது?

தகட்டின் விளிம்பை இரண்டு பக்கமும் பிடித்திருப்பது இரண்டு ரப்பர் வளையங்கள். உள்ளே துளையுள்ள மெல்லிய ரப்பர்க் குழாய்கள். தகடு சுதந்திரமாக அதிரவும் வேண்டும், விளிம்பில் காற்று கசியவும் கூடாது. இந்த இரண்டு வேலையையும் அந்த ரப்பர்தான் பார்க்கிறது. எண்பது தொண்ணூறு வருஷத்துச் சென்னை வெயிலில் ரப்பர் என்ன ஆகும்? காய்ந்த புளியங்கொட்டை மாதிரி இறுகிவிடும். எங்கள் பெட்டியில் திறந்து பார்த்தபோது அது தூளாக உதிர்ந்தது. சவுண்ட் பாக்ஸைக் குழாயோடு சேர்க்கும் பின்பக்க ரப்பரும் அப்படியே கல்லாகியிருந்தது.

ரப்பர் இறுகினால் இரண்டு கெடுதல். முதலாவது, தகடு அதிர முடியாமல் திணறுவதால் குரல் தகர டப்பாவுக்குள் பேசுவதுபோல் வருகிறது. இது காதுக்குத் தெரியும். இரண்டாவது கெடுதல் காதுக்குத் தெரியாது, அதுதான் பெரியது. தகடு விட்டுக்கொடுக்கவில்லை என்றால் நெம்புகோல் விட்டுக்கொடுக்காது, ஊசி விட்டுக்கொடுக்காது. யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்துத்தானே ஆக வேண்டும்? தட்டின் பள்ளம் விட்டுக்கொடுக்கிறது. பள்ளத்தின் சுவர் தேய்ந்து, தட்டின்மேல் சாம்பல் நிறத்தில் மெல்லிய பொடி படியும். அந்தப் பொடி பாட்டின் பொடி. திரும்ப ஒட்ட முடியாது.

இதற்காகத்தான் சொல்கிறேன், சவுண்ட் பாக்ஸ் ரிப்பேர் என்பது பழம்பொருள் மோகம் உள்ளவர்களின் பொழுதுபோக்கு மட்டும் இல்லை. கெட்டுப்போன சவுண்ட் பாக்ஸை வைத்துக்கொண்டு “சும்மா ஒரு பாட்டு” என்று விருந்தாளிகளுக்குப் போட்டுக் காட்டுகிற வீடுகள் எத்தனையோ. ஒவ்வொரு முறையும் தட்டை அரைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எங்கள் பெட்டியைச் சரிசெய்தது நான் ஒருவன் இல்லை. மூன்று இடங்களும் மூன்று பேரும் சேர்ந்து செய்தார்கள். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் “இதையெல்லாம் ரிப்பேர் பண்ண இப்போ யார் சார் இருக்கா?” என்றுதான் எல்லோரும் கேட்கிறீர்கள்.

தகட்டுக்கான வளையம் ரிச்சி தெருவில் கிடைத்தது. ஒயர் மேல் போடுகிற சிலிக்கான் ஸ்லீவ் இருக்கிறதே, அதுதான். கையால் அழுத்தினால் சட்டென்று அமுங்கி எழ வேண்டும். பழைய வளையத்தின் கனத்துக்கு ஏற்ற கனம் வேண்டும். இரண்டு மீட்டர் வாங்கியதில் சில சவுண்ட் பாக்ஸுக்குப் போதும். கடைக்காரப் பையன் எதற்கு என்று கேட்டான். சொன்னதும் போனில் கிராமபோன் படம் தேடிப் பார்த்துவிட்டு, “இதுக்கு பவர் சப்ளை எங்க சார்?” என்றான். வில்லுச்சுருள் பற்றி அங்கேயே ஐந்து நிமிஷம் வகுப்பு நடந்தது.

திருகுகளைக் கழற்றிக் கொடுத்தவர் மயிலாப்பூர் மாட வீதிப் பக்கம் வாட்ச் ரிப்பேர் செய்யும் ஒரு பெரியவர். கிராமபோனை அவர் கையால் தொட்டதே இல்லை. ஆனால் ஒரு திருகைப் பார்த்த மாத்திரத்தில், அது அசையுமா முறியுமா என்று அவருக்குத் தெரிகிறது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டு மறுநாள் வரச் சொன்னார். மறுநாள் அது வெண்ணெயில் கத்தி போவதுபோல் வந்தது. தகட்டின் மையத் திருகைச் சுற்றி மெழுகு வைத்து அடைத்திருப்பார்கள். அதை லேசாகச் சூடு காட்டி இளக்கித்தான் எடுக்க வேண்டும். நெம்பினால் காக்காப்பொன் விரிந்துவிடும். அது அப்பளம் மாதிரி இல்லை, வெங்காயம் மாதிரி. அடுக்கு அடுக்காகப் பிரியும்.

பின்பக்க ரப்பரைச் செய்து கொடுத்தவர் உங்களில் ஒருவர். அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டிகளுக்கு ரப்பர் பாகங்கள் செய்யும் சின்ன யூனிட் வைத்திருக்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பழைய ரப்பரின் துண்டை எடுத்துக்கொண்டு போய், அளவெடுத்து, அச்சு செய்து, ஆறு உருப்படி அடித்துக் கொண்டுவந்தார். காசு வாங்கவில்லை. “நீங்க பிராக்டிகல்ல எனக்குப் போட்ட மார்க்குக்கு வட்டி சார்” என்றார். அவருக்கு நான் எத்தனை மார்க் போட்டேன் என்று சத்தியமாக ஞாபகம் இல்லை. நல்ல மார்க்காகத்தான் இருக்க வேண்டும்.

பூட்டும்போது கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. தகட்டை இரண்டு வளையங்களுக்கு நடுவில் சரியாக மையத்தில் வைத்து, மூடியின் திருகுகளை எதிர்எதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கியாகிவிட்டது. இப்போது நெம்புகோலின் மேல்முனை தகட்டின் மையத் துளையை இயல்பாகத் தொட்டு நிற்க வேண்டும். தகட்டைத் தள்ளவும் கூடாது, இழுக்கவும் கூடாது. அந்த நிலை வந்த பிறகுதான் மையத் திருகைப் போட வேண்டும். இழுவையோடு திருகைப் போட்டு முடுக்கினால் தகடு எப்போதும் ஒரு பக்கம் வளைந்தே இருக்கும். வளைந்த தகடு ஒருபோதும் நேராகப் பாடாது. எங்களுக்கு இதற்கு மட்டுமே ஒரு மாலை நேரம் பிடித்தது. கடைசியில் நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய தேன்மெழுகு, கடுகளவு. அதோடு முடிந்தது வேலை.

ஆக, இந்த ஊரில் கைத்திறனுக்குப் பஞ்சம் இல்லை. கடிகாரத் திருகு தெரிந்தவர் இருக்கிறார், ரப்பர் தெரிந்தவர் இருக்கிறார், சிலிக்கான் குழாய் விற்பவர் இருக்கிறார். ஒருவர் இருப்பது மற்றவருக்குத் தெரியாது, அவ்வளவுதான். நடுவில் அலைந்து சேர்த்து வைக்க ஒரு ஆள் வேண்டும். ரிட்டையர்டு ஆள் எதற்கு இருக்கிறான்?

இப்போது நான் கோபப்படுகிற இடத்துக்கு வருகிறேன்.

என் நண்பர் ஒருவர் தன் வீட்டு சவுண்ட் பாக்ஸை ஒரு கடையில் கொடுத்துச் சரிசெய்து வாங்கி வந்தார். முதல் மாதம் கணீரென்று பாடியது. மறுபடி கரகரத்ததும் என்னிடம் கொண்டுவந்தார். திறந்தால், ரப்பர் வளையத்துக்குப் பதில் உடனடிப் பசை. தகட்டை உலோகத்தோடு சேர்த்து ஒரே கட்டியாக ஒட்டியிருக்கிறார்கள். மையத் திருகின்மேலும் பசை. அதைத் திறக்க முயன்றால் தகடு கிழியும், விட்டுவிட்டால் பாடாது. இதை நான் ரிப்பேர் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். கதவைப் பூட்டிச் சாவியைக் கிணற்றில் போட்ட கதை இது.

பழைய சவுண்ட் பாக்ஸ்களில் பல, துத்தநாகக் கலவையில் வார்த்தவை. அந்த உலோகத்துக்கே ஒரு வியாதி உண்டு. வார்க்கும்போது ஈயம் போன்ற கலப்படம் கொஞ்சம் சேர்ந்திருந்தால், வருஷங்கள் போகப் போக உள்ளுக்குள்ளேயே அரித்து, உப்பி, விரிசல் விடும். அப்படிப்பட்டதைப் பலம் கொண்டு திருகினால் கையோடு வந்துவிடும். சில கேஸ்களைச் சரிசெய்யவே முடியாது என்பதும் உண்மை. அப்போதும் நான் சொல்வது, முடியாவிட்டால் அப்படியே விட்டுவிடுங்கள். பசை போட்டு மூடாதீர்கள். நம்மால் முடியாதது இருபது வருஷம் கழித்து இன்னொருவரால் முடியலாம். எந்த ரிப்பேருக்கும் என் ஒரே விதி இதுதான்: நீ செய்ததை இன்னொருவன் சேதமில்லாமல் பிரிக்க முடிய வேண்டும். ரப்பரும் மெழுகும் திருகும் அந்த விதிக்கு அடங்கும். பசை அடங்காது.

சந்தையில் பளபளவென்று பித்தளைப் புனலோடு, நாய் படம் ஒட்டி விற்கிற புதுசான “பழைய” கிராமபோன்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவற்றில் பெரும்பாலும் ஏதோ ஒரு பழைய மோட்டார், புதிதாக அடித்த பெட்டி, மட்டமான நகல் சவுண்ட் பாக்ஸ். அலங்காரத்துக்கு வாங்குவதென்றால் வாங்குங்கள், உங்கள் காசு. ஆனால் நல்ல தட்டு எதையும் அதில் போடாதீர்கள்.

“இதெல்லாம் எதுக்கு சார், யூடியூப்ல எல்லாம் இருக்கே?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. யூடியூபில் இருப்பது யாரோ ஒருவர் தட்டைத் தூக்கி எறியாமல் வைத்திருந்ததால் இருக்கிறது.

இந்தியாவில் கிராமபோன் கம்பெனியின் முதல் ஒலிப்பதிவு 1902 நவம்பரில் கல்கத்தாவில் நடந்தது. அப்போது கௌஹர் ஜானும் பாடினார். மூன்று நிமிஷத்துக்குள் பாட்டை முடித்து, கடைசியில் தன் பெயரையும் உரக்கச் சொன்னார். தட்டுகளை அப்போது ஜெர்மனியின் ஹனோவருக்கு அனுப்பி அச்சிட்டு வர வேண்டும். 1908-ல்தான் கல்கத்தாவிலேயே ஆலை வந்தது. 1925 வரை மைக் கிடையாது. பாடகர் ஒரு புனலுக்குள் தலையை நீட்டிப் பாட வேண்டும், எதிர்முனையில் ஒரு தகடு அதிர்ந்து மெழுகில் கீறும். அதாவது பதிவு செய்ததும் ஒரு சவுண்ட் பாக்ஸ்தான், திருப்பிச் சொன்னதும் ஒரு சவுண்ட் பாக்ஸ்தான். அந்தக் காலப் பாட்டை அதற்கென்றே செய்த இயந்திரத்தில் கேட்கும்போது, அந்தப் பாடகர்கள் ஏன் அவ்வளவு உச்சஸ்தாயியில், அவ்வளவு அழுத்தமாகப் பாடினார்கள் என்பது புரிகிறது. போனில் கேட்டால் கீச்சென்று தோன்றும் குரல், புனல் வழியாக வரும்போது சதையோடு வருகிறது.

எஸ்.ஜி. கிட்டப்பா 1933-ல் இறந்தபோது வயது இருபத்தேழு. தமிழ் பேசும்படம் வந்து இரண்டே வருஷம். அவருடைய குரலை நமக்கு விட்டுச் சென்றது இந்த அரக்குத் தட்டுகள்தான். 1938-ல் மறைந்த வீணை தனம்மாளின் வாசிப்பும் ஒரு சில தட்டுகளாகத்தான் நம்மிடம் இருக்கிறது. நம் கோட்டூர்புரத்துக்கே வருவோம். எம்.எஸ். அம்மா தம் கடைசிக் காலத்தில் இங்கேதான் இருந்தார், 2004 டிசம்பரில் மறைந்தார். அவருடைய முதல் தட்டு வந்தபோது அவருக்கு வயது பத்து. உலகம் அறிந்த அந்தக் குரல் முதன்முதலில் வீடுகளுக்குள் நுழைந்தது இப்படிப்பட்ட ஒரு பெட்டி வழியாகத்தான்.

இங்கே ஒரு சங்கடமான உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எவ்வளவு நன்றாகச் சரிசெய்த சவுண்ட் பாக்ஸும் தட்டைத் தேய்க்கத்தான் செய்யும். கணக்குப் போடுங்கள். நிமிஷத்துக்கு 78 சுற்று, மூன்று நிமிஷம் என்றால் 234 சுற்று. பத்து அங்குலத் தட்டில் ஒரு சுற்றின் சராசரி நீளம் அரை மீட்டருக்குச் சற்று அதிகம். ஆக ஒரு பக்கம் பாடி முடிப்பதற்குள் எஃகு ஊசி நூற்றிருபது மீட்டருக்கு மேல் நடக்கிறது, நூறு கிராமுக்கு மேல் பாரத்தைச் சுமந்துகொண்டு. பின்னால் வந்த எல்பி பிளேயரில் அந்தப் பாரம் இரண்டு கிராம் அளவுதான். அரக்கோடு கல்தூளும் கலந்துதான் தட்டைச் செய்தார்கள். ஊசி தேய்ந்து பள்ளத்தின் வடிவத்துக்கு வந்துவிட வேண்டும், தட்டு அதிகம் தேயக்கூடாது என்பது கணக்கு. அதனால்தான் ஒரு பக்கத்துக்கு ஒரு ஊசி என்று விதி. ஊசி மலிவு, தட்டு அருமை. தேய்ந்த ஊசியை மறுபடி போடுகிறவர் உளியால் கேட்கிறார்.

அப்படியானால் இயந்திரத்தைக் காப்பாற்றுவதா, தட்டைக் காப்பாற்றுவதா? இரண்டையும் காப்பாற்றலாம் என்பது என் கட்சி, கொஞ்சம் ஒழுக்கம் இருந்தால். ஐம்பதுகளின் சினிமாப் பாட்டுத் தட்டுகள் ஏராளமாக அச்சானவை, இன்றும் கிடைக்கின்றன. பெட்டியை அவற்றோடு பாட விடுங்கள், மாதம் ஒருமுறை, புது ஊசியோடு. பழைய நாடகப் பாட்டு, கச்சேரித் தட்டு, பெயர் தெரியாத பாடகர் இவற்றை எஃகு ஊசிக்குக் கீழே கொண்டுபோகாதீர்கள். அவற்றை எடை குறைந்த நவீன பிளேயரில், 78 தட்டுக்கான முனை போட்டு ஒருமுறை ஒழுங்காகப் பதிவு செய்துவிட்டு உறையில் வைத்துவிடுங்கள். கௌஹர் ஜானின் வரலாற்றை எழுதிய விக்ரம் சம்பத் தொடங்கிய ஆர்க்கைவ் ஆஃப் இந்தியன் மியூசிக், பழைய தட்டுகளை இப்படி மின்வடிவத்துக்கு மாற்றி எல்லோரும் கேட்கும்படி வைத்திருக்கிறது. நம் வீட்டுத் தட்டு ஒன்றுக்கும் அந்த வழி இருக்கட்டுமே.

தம்பி மகனுக்கு ஒரு வார்த்தை. நீ சொன்னதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை என்று பெரியப்பாவுக்குத் தெரியும். பாட்டு கேட்க வேண்டும் என்றுதானே சொன்னாய். புளூடூத் ஸ்பீக்கரைப் பக்கத்தில் வைத்துக்கொள், நானும் கேட்கிறேன். ஆனால் அதை இதற்குள் வைக்காதே. ஐந்து வருஷத்தில் அந்த ஸ்பீக்கரின் பேட்டரி போய்விடும், அதைத் திறக்கவும் முடியாது. அதற்காக, தொண்ணூறு வருஷமாகத் திறந்து திறந்து சரிசெய்யக் கூடியதாக இருந்த ஒன்றை ஓட்டை போட்டால், எது பழசு, எது புதுசு என்று எனக்குக் குழப்பம் வந்துவிடும்.

“பெரியப்பாவுக்குப் பிறகு அது யாருக்கு?” என்று குழுவில் மறைமுகமாக ஒரு பேச்சு ஓடியதையும் பார்த்தேன். ஓடட்டும், தப்பில்லை. நான் உயிரோடு இருக்கும்போதே பதில் சொல்லிவிடுகிறேன். மூத்தவர், இளையவர், பெண், பிள்ளை என்ற கணக்கு இதற்குக் கிடையாது. சவுண்ட் பாக்ஸை யார் என் எதிரில் உட்கார்ந்து பிரித்து, வளையம் மாற்றி, மறுபடி பூட்டிப் பாட வைக்கிறார்களோ அவர்களுக்கு. ஒரு மாலை நேரம்தான் பரீட்சை. கேள்வித்தாள் ஏற்கெனவே அவுட், இந்தப் பதிவிலேயே விடை இருக்கிறது. இதுவரை கை தூக்கியிருப்பது ஒரே ஒருத்தி. என் தங்கையின் பேத்தி, ஏழாம் வகுப்பு.

இவ்வளவு அழுத்தமாக ஏன் சொல்கிறேன் என்றால், 2015 டிசம்பரில் அடையாறு நம் தெருக்களுக்குள் வந்ததை நான் பார்த்தேன். எங்கள் பெட்டி பரண்மேல் இருந்ததால் தப்பியது. தண்ணீர் வடிந்த பிறகு கீழ்த்தளத்து வீடுகளின் வாசலில் மலைமலையாக சாமான். மெத்தை, புத்தகம், ஆல்பம், அதற்கு நடுவில் ஒரு வீட்டு வாசலில் சேறு படிந்த இசைத்தட்டுகள் ஒரு கட்டு. நனைந்ததெல்லாம் வீண் என்று நினைத்து வைத்துவிட்டார்கள், மாநகராட்சி வண்டி அள்ளிக்கொண்டு போனது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. வீடே போன நேரத்தில் யாருக்கு என்ன தோன்றும்? ஆனால் அரக்கு தண்ணீரில் கரையாது. நடுவில் ஒட்டிய காகித லேபிள்தான் உரிந்து போகும். லேபிள் போனாலும் அதன் ஓரத்தில் அரக்கிலேயே பொறித்த எண் இருக்கும், அதை வைத்து யார் பாடியது என்று தேட முடியும். இது நான்கு பேருக்கு முன்பே தெரிந்திருந்தால் அந்தக் கட்டு வண்டியில் ஏறியிருக்காது. அதனால்தான் தெரிந்ததை எழுதி வைக்கிறேன்.

பரணில் பழைய தட்டோ பெட்டியோ வைத்திருப்பவர்களுக்கு, வாத்தியார் போர்டில் எழுதிப் போடுகிற கடைசி வரிகள். தட்டை ஸ்பிரிட், சானிடைசர், சென்ட் எதிலும் துடைக்காதீர்கள். அரக்கு தண்ணீருக்குத் தாங்கும், சாராயத்துக்குத் தாங்காது. தச்சர் பாலிஷ் போட அரக்கை எதில் கரைக்கிறார் என்று கேட்டுப் பாருங்கள். தட்டைப் படுக்கையாக உயரமாக அடுக்காமல், புத்தகம் மாதிரி நிமிர்த்தி வையுங்கள். சவுண்ட் பாக்ஸ் கரகரத்தால் பாட வைப்பதை அன்றே நிறுத்துங்கள். பிரிப்பதற்கு முன் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். பசை பாட்டிலை வேறு அறையில் வைத்துப் பூட்டுங்கள்.

அம்பத்தூரில் அடித்த ஆறு ரப்பரில் ஒன்று எங்கள் பெட்டிக்குப் போக ஐந்து மீதி இருக்கின்றன. சிலிக்கான் குழாயும் கிடக்கிறது. 101 வைத்திருப்பவர்கள் உள்பெட்டிக்கு ஒரு வரி எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மாலை நான்கு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். சவுண்ட் பாக்ஸை மட்டும் எடுத்து வந்தால் போதும், உட்கார்ந்து சேர்ந்து பிரிப்போம். பிரிப்பது நீங்கள், பக்கத்தில் உட்கார்ந்து குறை சொல்வது நான். பழைய ஏற்பாடுதான்.